மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார்

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரமே இருந்தது. மணமேடையில் நிறுத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் மாப்பிள்ளை கபிலர் நிலாவிலிருந்து டவுன்லோடாகி முழங்கால் வரைக்கும்தான் வந்து சேர்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரத்துல முழுசா வந்துருவார்னு கணக்குப் போட்டுத்தானே லைன் எடுத்தேன்," என்றார் தாய்மாமன் பொன்னுரங்கம்.

மணப்பெண் இளவேனில் மாலையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "என்ன ஸ்பீடு மாமா?"

"செகண்டுக்கு எண்ணூறு."

"மெகாபைட்டா, மெகாபிட்டா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட் மாமா. நீங்க எடுத்தது பிட். அப்போ எட்டு மணி நேரம் ஆகும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். இளவேனிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே நிலா நிலையத்துக்கு போன் போட்டாள். "அடுத்து கையை அனுப்புங்க. இடுப்பை அப்புறம் பார்த்துக்கலாம்."

கெட்டிமேளம் முழங்க, நாத்தனார் எடுத்துக் கொடுத்த தாலியைப் பெட்டியிலிருந்து நீண்ட இரண்டு கைகள் வாங்கின. முடிச்சுப் போட முடியாமல் அவை வெடவெடவென்று நடுங்கின. வீடியோவில் நாலு வருஷமாக அலட்சியமாகச் சிரித்த முகத்தில் அவள் பார்த்தே இராத நடுக்கம்.

"பயமா இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் காது இன்னும் வரவில்லை என்பது உறைத்தது. அந்தக் கைகளைப் பற்றி அழுத்தினாள். முடிச்சு விழுந்தது.

சாயங்காலம் முகம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, தாலி கட்டும்போது ஏன் அப்படி நடுங்கினீங்க என்று கேட்டாள்.

"நானா? நடுங்கவே இல்லையே," என்றது முகம்.

கை மட்டும் அவள் கையை இன்னும் விடவில்லை.