ஹாராஸ் வைத்த பெயர்

ஆப்பிரிக்காவின் தென்கோடியில், கேப் மலைகளுக்கு அப்பால், ஒரு டச்சுக்காரரின் பண்ணையில் ஆடு மேய்த்தவள் ஹாராஸ். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்கோய் இனத்துப் பெண். எஜமானின் மகன் யாகோபஸ் அவள் முதுகிலேயே வளர்ந்தான். நாக்கைச் சொடுக்கிப் பேசும் அவளுடைய மொழிதான் அவனுக்கு முதலில் வந்தது. பிறகு அவன் பேசிய டச்சிலும் அவள் சொற்களே பாதி. ஹாராஸின் மகளையோ இரண்டு வயதிலேயே எஜமானி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டாள்; கத்ரைன் என்று பெயரிட்டு, டச்சு மட்டுமே பேச வைத்தாள்.

ஹாராஸ் சாகக் கிடந்த அன்று, மகளின் கன்னத்தில் கை வைத்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கத்ரைன் வாசலில் நின்ற யாகோபஸைப் பார்த்தாள்.

"அம்மா என்ன கேக்குறாங்க, சின்னய்யா? தண்ணியா?"

"இல்ல. அது உன் பேரு. நீ பொறந்தப்ப அவங்க வச்சது."

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவன் சொன்னான். கத்ரைன் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொடுக்கு அவள் நாக்கில் எழவில்லை.

"இன்னொரு தடவ, சின்னய்யா."

அவன் அழுதுகொண்டே சொன்னான். நான்காவது முறை அவளுக்குச் சரியாக வந்தது. சிரிப்போடு அம்மாவின் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் இருந்த கை எப்போது நழுவியதென்று அவள் கவனித்திருக்கவில்லை.