வசனத்தில் இல்லாத வரி

"இன்னும் கேவலமா பாரு லா, தனேஷ்! நீ பங்களா வீட்டுப் பையன். இந்த வீட்டுக்குள்ள கால் வச்சதும் உனக்குக் குமட்டணும். நீ என்னடான்னா கோயிலுக்குள்ள வந்த மாதிரி பயபக்தியா நிக்கிற!"

அதிரா கையிலிருந்த வசனத் தாளைச் சுருட்டித் தன் தொடையில் தட்டினாள்.

பள்ளிகளுக்கான குறும்படப் போட்டி. கதை, வசனம், இயக்கம், கதாநாயகி எல்லாம் அவள்தான். பணக்காரப் பையனுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் காதல். ஏழைப் பெண் என்பதால் தலையில் எண்ணெயை வழிய வழியத் தடவியிருந்தாள். சாயம் போன பாவாடை. கன்னத்தில் கண்மையைத் தேய்த்துக் கொஞ்சம் அழுக்கு. ஏழைகள் முகம் கழுவுவதில்லை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பதினான்காம் மாடி வீடு. ஒரே கூடம், சமையலும் படுக்கையும் அதற்குள்ளேயே. நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் படம்பிடிக்கும் சாஹித் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கவே இடம் கிடைத்தது.

கதாநாயகியின் அம்மாவாக நடிக்க, தேநீர்க் கோப்பையோடு நின்றாள் ஜெயலெட்சுமி. தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலையில் வந்தவள், இன்னும் படுக்கவில்லை.

"முகத்துக்குக் கொஞ்சம் பவுடராச்சும் போட்டுக்கவாம்மா?"

"ஐயோ வேணாம் ஆண்ட்டி! நீங்க இருக்கிற மாதிரியே இருந்தாப் போதும். மேக்கப்பே தேவையில்ல, அவ்வளவு நேச்சுரல்!"

ஜெயலெட்சுமி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெடி... டேக்!"

வெள்ளைச் சட்டையில் தனேஷ் உள்ளே வந்தான். மூக்கைச் சுளித்தான். "எங்க வீட்டு நாய்க்குக்கூட..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை.

"கட்! மறுபடியுமா?"

சாஹித் சிரித்தான். "இவன் கொசுவைக்கூட வாங்க போங்கன்னு பேசுறவன். இவனைப் போய் வில்லத்தனம் பண்ணச் சொல்றியே!"

"அதிரா, இந்த இடத்தை மட்டும் மாத்திடலாமா?" என்றான் தனேஷ்.

"ஏன்?"

"ரொம்ப ஓவரா இருக்கு."

"ஓவரா இருந்தாத்தான்டா, கடைசியில நீ திருந்தி வரும்போது ஜட்ஜுங்க அழுவாங்க. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா இருந்தாத்தான் லவ்வு எடுபடும்."

அவனை நடைபாதைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தணித்தாள்.

"பஸ் ஸ்டாப்புல என்கிட்ட ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

தனேஷுக்குக் காது சுட்டது. ஞாபகமா? கேட்ட நாளிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவள் பின்னால் பை தூக்கியதும், இந்த வெள்ளைச் சட்டையை மாட்டி நடிக்க ஒத்துக்கொண்டதும் அந்த ஒரு பதிலுக்காகத்தான்.

"இந்த சீனை ஒழுங்கா முடி. முடிச்சதும் பதில் சொல்றேன். பிராமிஸ்."

"நிஜமா?"

"நல்லா பண்ணு. நல்ல பதிலா வரும்."

அவன் திரும்பி வந்தபோது ஜெயலெட்சுமி மெல்லச் சொன்னாள். "பேசுப்பா. சும்மா நடிப்புதானே. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"டேக்!"

இந்த முறை அவன் உள்ளே வந்து நின்று, சுற்றிலும் நிதானமாகப் பார்த்தான். அடுப்பு. தண்ணீர் பிடித்து வைத்த வாளி. சுருட்டி வைத்த பாய்.

"எங்க வீட்டு நாய்க்குக்கூட இதைவிடப் பெரிய ரூம் இருக்கு."

"ஒரு வாய் டீ குடிங்க தம்பி" என்று ஜெயலெட்சுமி கோப்பையை நீட்டினாள்.

"நீங்க குடுத்தா நான் குடிக்கணுமா? பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணம் இந்த வீட்டைப் பார்த்தாலே தெரியுதே!"

வசனம் அங்கே முடிந்தது. அவன் முடிக்கவில்லை.

"இவங்கதான்னு நாலு பேர்கிட்ட உங்களைக் காட்டவே எனக்கு வெக்கமா இருக்கு."

ஜெயலெட்சுமியின் கண்கள் நிறைந்து வழிந்தன. அழச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"கட்! செம லா!" அதிரா துள்ளினாள். "கடைசி வரி ஸ்கிரிப்ட்டுலயே இல்ல! எங்கேர்ந்துடா பிடிச்ச? ஆண்ட்டி, நீங்களும் சூப்பர். கிளிசரினே இல்லாம அழுதுட்டீங்க!"

"நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு ஜெயலெட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறிப்போன டீயைத் தொட்டியில் ஊற்றினாள்.

சாஹித் முதலில் கிளம்பினான். அதிரா ஈரத் தாளால் முகத்தைத் துடைத்தாள். ஒரே தாளில் ஏழ்மை முழுவதும் வந்துவிட்டது. கீழே அவளுக்காக அப்பாவின் கார் காத்திருந்தது.

மின்தூக்கி வரை தனேஷ் கூடவே நடந்தான்.

"அதிரா... பதில்?"

அவள் பொத்தானை அழுத்திவிட்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ் சொல்லலாம்னுதான் வந்தேன்."

"வந்தேன்னா?"

"இப்ப பயமா இருக்கு லா."

"நடிப்புதானே! நீ எழுதினதுதானே!"

"மத்ததெல்லாம் நான் எழுதினது. கடைசி வரி நான் எழுதலையே."

கதவு திறந்தது. அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

"உன்னைப் பெத்த அம்மாவையே, அவங்க வீட்டுலயே நிக்க வச்சு அப்படிச் சொல்லிட்டே. நாளைக்கு என்னை என்ன சொல்ல மாட்டே?"