யோர்தானில் நனைந்த சேலை

எருசலேம் பயணம் போன தபித்தாள், கணவர் ஞானசிகாமணிக்காக யோர்தான் ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்திருந்தாள். கைப்பையில் தண்ணீர் கூடாதென்று விமான நிலையத்தில் அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், ஆற்றில் முழுகியபோது கட்டியிருந்த சேலையை எடுத்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அதை அவள் அலசாமலே கொண்டுவந்திருந்தாள்.

"இது நம்ம குழாய்த் தண்ணிதானட்டி?" என்றார் அவர், சக்கர நாற்காலியிலிருந்து.

"கொஞ்சம் அதுவும் இருக்கும்லா. காலை நீட்டுங்க" என்றவள், சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பாதங்களைத் தானே தூக்கி மடியில் வைத்து, சேலையைப் பிழிந்தாள். விபத்துக்குப் பிறகு, கிள்ளினாலும் தெரியாத கால்கள்.

"குளுருதுட்டி" என்றார்.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. சேலையை மறுபடியும் வாளியில் முக்கினாள்.