பகல் குடித்தனம்

வீடு எங்களுக்கு இரவு மட்டும்தான். பகலில் அது பிலோமினா அக்கா குடும்பத்துடையது. அவர் கணவர் இரவுக் காவல் முடித்து வந்து தூங்குவார். வியாசர்பாடியில் எங்களைப் போன்றவர்களுக்கு முழுநாள் வீடு இப்போது கிடைப்பதில்லை. ஒரு குடும்பம் வெளியேறிய பிறகே அடுத்த குடும்பத்துக்குத் தானியங்கிக் கதவு திறக்கும்.

என் மனைவி சுகந்தி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். மாலைவரை உடலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இதக்கூடவா கேப்பாங்க தம்பி? கொண்டாங்க. இவர எழுப்பி உட்டேன்."

அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "அனுமதியற்ற நபர்" என்று கதவு சொல்லிக்கொண்டே இருந்தது.

"தே, சும்மா கெட" என்றார் அதனிடம்.

சுகந்தியை நடு அறையில் கிடத்தினோம். அவளும் அக்காவும் மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். குழம்பு மிஞ்சினால் அடுத்தவருக்கு மூடிவைத்துப் போவார்கள். ஒருநாளும் சந்தித்ததில்லை.

அக்கா அருகில் உட்கார்ந்து, முகத்துணியை விலக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ சின்னப் பொண்ணா" என்றார். "கொழம்பு ருசிய வச்சு, என் வயசு இருக்கும்னுல்ல நெனச்சிருந்தேன்."