மைக்கைப் பார்க்காத பாடகி

"மைக்கைப் பாத்துப் பாடும்மா! மைக் இங்க இருக்கு, நீ எங்கியோ பாக்கறியே!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற சுவேதா தலையாட்டினாள். அடுத்த நொடியே பழையபடி வலப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கிட்டாரும் கையுமாக நின்று கத்திய கோபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு டேக் ஏற்கெனவே வீண். இரண்டு மணிக்கு அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மத்திகிரியில் ஒரு வீட்டு மாடிதான் வெங்கடப்பனின் ஸ்டூடியோ. 'செகண்ட் ஷிஃப்ட்' ராக் குழு ஒரு காலத்தில் ஓசூர் பக்கம் கல்லூரி விழாக்களை ஒரு கலக்குக் கலக்கியது. பாடகன் விஜயகுமார் வேலை மாற்றலாகிப் புனே போனதும் ஆறு வருடம் வாய்மூடிக் கிடந்தது. இப்போது டிரம்ஸ் மூர்த்தியும் கோபியும் ஒரு புதுப் பாட்டோடு திரும்பி வரப் பார்க்கிறார்கள்.

"இன்னிக்கும் சரியா வரலைன்னா டிரம்ஸை மூட்டை கட்டிடறேன்" என்று மூர்த்தி சொல்லியாகிவிட்டது. டிரம்ஸ் போனபிறகு கோபிக்குக் கிட்டார் எதற்கு?

மூர்த்தி லேசில் யாரையும் ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை. போன் போட்டால் எடுக்க மாட்டார், எல்லாம் மெசேஜ்தான். பாட வந்த மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார். ஒருத்தன் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடினானாம். ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் பாடினாளாம். மூன்றாமவனுக்குத் தங்கமான குரல். மீசை சரியில்லை என்று சொல்லிவிட்டார்!

பிறகு ஒருநாள், தான் வேலை செய்யும் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து சுவேதாவை அவரே கூட்டிவந்தார்.

"மெஷின்கிட்ட நின்னு பாடிட்டிருந்தா. அசந்து நின்னுட்டேன்டா."

"அந்தச் சத்தத்துல பாட்டு எப்பிடிண்ணா கேட்டுச்சு?" என்று கோபி கேட்டதற்குச் சிரித்ததோடு சரி.

கோபி இப்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுவேதாவுக்கு வலப்புறமாக டிரம்ஸோடு உட்கார்ந்திருந்த மூர்த்தியின் எதிரே போய் நின்றான். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. இப்பிடித் திரும்பித் திரும்பிப் பாடுனா பாதிக் குரல் மைக்குல விழவே மாட்டேங்குது."

"அவ அப்பிடியே பாடட்டும். மைக்கை நகத்து."

"மைக்குக்கு முன்னாடி இருக்கற வலையையும் கழட்டச் சொல்றாண்ணா. மூஞ்சிய மறைக்குதாம்! சினிமா ஹீரோயின்னு நெனப்பு."

"கழட்டு."

கோபி அவர் முதுகுப் பக்கம் வந்து, காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்: "பிடிவாதக்காரர் ஒருத்தரு, பிடிவாதக்காரி ஒருத்தி. நடுவுல நான்!"

மூர்த்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஸ்வல்ப இருங்க" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு வெங்கடப்பன் உள்ளே போய் வலையைக் கழற்றி, மைக்கை அவள் பார்க்கும் பக்கமாக நகர்த்தி, முகவாய்க்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். மூர்த்தி குச்சியோடு குச்சி நான்கு முறை தட்டினார்.

சுவேதா பாடினாள்.

முதல் வரியிலேயே கோபிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகிக் கொல்லையில் யானை விரட்டிப் பழகிய தொண்டை அது. இதற்கு மேல் போகாது என்று நினைத்த இடத்திலிருந்துதான் அந்தக் குரல் ஏறவே ஆரம்பித்தது. ஐயோ, இவளையா இத்தனை நேரம் திட்டினோம் என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

இரண்டாவது சரணத்தில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தாள். கடைசிச் சொல்லை விடாமல் பிடித்து, நீட்டி, நீட்டிக்கொண்டே போனாள். கோபி தாளத்தைத் தவறவிட்டுக் கையை எடுத்துவிட்டான். மூர்த்தி அசரவில்லை. இரண்டு குச்சிகளையும் உயர்த்திப் பிடித்து, அவளை விட்டுக் கண்ணெடுக்காமல் காத்திருந்தார். அவள் நிறுத்தி மூச்சு வாங்கிய அதே நொடியில் அடி இறங்கியது. தரை அதிர்ந்தது. என்ன மனுஷன் இவர் என்று கோபி வாயைப் பிளந்தான்.

பாட்டு முடிந்தது. வெங்கடப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருஷமா ரெக்கார்டிங் பண்றேன். இப்பிடி ஒண்ணு..." என்றவர் மைக்கை அணைத்தார். கோபி ஹெட்போனைக் கழற்றினான். மூர்த்தியும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவேதாவின் உதடுகள் அசைந்தன.

"அந்த நீட்டுனதா? அதுதான் பாட்டே, பாப்பா! அப்பிடியே இருக்கட்டும்" என்றார் மூர்த்தி. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

கோபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது இரட்டைக் கண்ணாடி. அந்தப் பக்கம் வெடி வைத்தாலும் இந்தப் பக்கம் கேட்காது.

"மைக்கைத்தான் ஆஃப் பண்ணியாச்சே. அவ கேட்டது உங்களுக்கு எப்பிடிண்ணா கேட்டுச்சு?" என்றான் பின்னாலிருந்து.

மூர்த்தி திரும்பவில்லை.

"அண்ணா!" என்று கத்தினான். அப்போதும் திரும்பவில்லை.

அதற்குள் சுவேதா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தாள். மூர்த்தி பார்த்துவிடாதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"கத்தாதீங்க கோபிண்ணா. பிரஸ் ஷாப் சத்தத்துல அவருக்குக் காது போயி மூணு வருஷமாச்சு. நான் மூஞ்சியத் திருப்பியிருந்தா, அவருக்குப் பாட்டு அங்கியே நின்னு போயிருக்கும்."