சிங்கத்தின் பதில்

“எழுத்தாகப் போடவும். படம் எனக்கு உதவாது.”

அவ்வளவுதான் பதில். ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் அந்த இணையதளத்தில் அவள் கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கணினித் திரையை அப்படியே படம் பிடித்து, சந்தேகமான இடத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, போதாததற்கு ஓர் அம்புக்குறியும் போட்டு அனுப்பியிருந்தாள்.

பதில் எழுதியவரின் பெயர் சிங்கம். பக்கத்தில் இருந்ததோ ஒரு கோழிக்குஞ்சின் படம். நக்கல் பிடித்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான்.

“வட்டம் போட்டு, அம்பு விட்டு, இதுக்கு மேல தொரைக்கு என்ன வேணுமாம்? வீட்டுக்கே போய்க் காட்டணுமா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். மருத்துவமனையில் காத்திருக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் புரோகிராம். அதில் கடைசி ஆளின் பெயர் மட்டும் வருவதே இல்லை. காலைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இது போனால் அடுத்ததும் அந்த ஆளுக்குத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் எழுத்தாகப் போட்டாள்.

குழந்தையின் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“ஒன்பதாவது வரியில் ஒன்றைக் கழித்திருக்கிறீர்கள். அதனால்தான் கடைசி ஆள் பாவம், உட்கார்ந்தே இருக்கிறார். கழிக்க வேண்டாம்.”

கழித்ததை எடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள். கடைசிப் பெயர் திரையில் வந்து நின்றது.

“ஏங்க, வந்துடுச்சு!”

அவன் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்தான்.

நன்றி எழுதினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. கூடவே ஒரு வரி சேர்த்தாள்: “அந்த ஒன்பதாவது வரியைச் சுற்றித்தான் ஐயா வட்டமே போட்டிருந்தேன்.”

இந்த முறை பதில் வரக் கொஞ்சம் தாமதமானது.

“மன்னிக்கவும். எனக்குப் பார்வை இல்லை. கணினி வாசிக்கும், நான் காதால் கேட்டுக்கொள்வேன். எழுத்து என்றால் வாசித்துவிடும். படம் வந்தால் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.”

அவள் மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கியபோதே அடுத்தது வந்தது.

“ஒன்று கேட்கலாமா? இங்கே எல்லாரும் என்னிடம் பயந்து பயந்தே பேசுகிறார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் என் தங்கை ஒரு சிங்கத்தின் படம் வைத்திருக்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற சிங்கமாம். ரொம்பப் பயங்கரமாக இருக்கிறதா? மாற்றச் சொல்லட்டுமா?”

அவள் அந்தக் கோழிக்குஞ்சின் படத்தைப் பார்த்தாள். மஞ்சள் பஞ்சு உருண்டை. அலகு மட்டும் ஆவென்று திறந்திருந்தது.

“பயமாகவே இல்லை ஐயா” என்று எழுதினாள். “மாற்றிவிடாதீர்கள்.”