ஏணிப் படம்

"இன்னைக்கு ஏழு படம் தேறும். இவங்க காதுல மட்டும் போட்டுடாதே."

விடுதியின் பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. சொன்னவர் கேப்டன். தலையாட்டியவர் வேன் டிரைவர்.

கேப்டன் என்பது குழுவினர் வைத்த பெயர். கிராமம் கிராமமாக நடந்து, பழைய கோட்டைகளைப் படம் பிடிக்கும் ஐந்து நாள் பயணத்துக்கு அவர்தான் வழிகாட்டி. தினமும் நடை முடிந்ததும் எல்லோருடைய மெமரி கார்டையும் வாங்கிக்கொள்வார். "தொலைஞ்சா போச்சு. ஒரு காப்பி எடுத்து வச்சுடறேன்."

லைப்ரரியில் வேலை பார்க்கும் அவள் தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். காலையில் எடுத்த ஏணிப் படம் அந்தக் கார்டில்தான் இருந்தது. இடிந்த கோட்டைச் சுவர், அதை ஒட்டி ஒரு வீடு, ஏணி உச்சியில் ஓடு மாற்றுகிறவர், கீழே ஏணியைப் பிடித்தபடி அவர் மகள். கேமரா வாங்கிய எட்டு வருஷத்தில் இப்படி ஒரு படம் அமைந்ததே இல்லை. புகைப்படப் போட்டிக்கு அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே எங்கேயாவது வெளிவந்த படம் என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பல் டாக்டரிடம் சொன்னாள். குழுவில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் எல்லோரோடும் பேசுவார்.

"நான் அப்பவே நினைச்சேன்மா! நாம முன்னாடி நடக்கறோம், இந்த ஆள் மட்டும் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நோட்டுல ஏதோ கிறுக்கிட்டு வரார். நம்ம படத்தை வித்துக் காசு பாக்கறார். வா, கையும் களவுமா பிடிப்போம்."

"இல்ல டாக்டர், ஒருவேளை..."

"பல்லைப் பிடுங்கறப்ப ஒருவேளைன்னு யோசிச்சா ஆகுமா?"

கேப்டனின் அறைக்கதவு திறந்தே கிடந்தது. மேஜையில் சின்ன பிரிண்டர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது ஏணி.

"அது என் படம்!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

கேப்டனின் முகம் வெளுத்தது. "கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். தப்புதாம்மா."

"யாருக்கு விக்கறீங்க?" டாக்டர் மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதன் மேல் பென்சிலில் எழுதியிருந்தது: 'கிணத்துக்கு எதிர் வீடு, பச்சைக் கதவு.'

"ஏணியில நின்னவர் வீடு," என்றார் கேப்டன் அவளிடம். "எனக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாரே."

"அனுப்பி வைக்கிறேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்கம்மா. டாக்டரும் ஆட்டுக்காரர்கிட்ட சொன்னார். எல்லாருமே சொன்னீங்க."

"அப்புறம் என்ன? ஊருக்குப் போனதும் அனுப்பிட்டுப் போறோம்," என்றார் டாக்டர்.

"அட்ரஸ் யாருமே வாங்கலையே டாக்டர்."

பிரிண்டர் நின்றுவிட்டிருந்தது.

"போன வருஷம் ஒரு அம்மா என்னை வழியில நிறுத்திக் கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரரை நம்ம ஆளு ஒருத்தர் எடுத்த படம் வரவே இல்லையாம். மனுஷன் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். வேற படம் கிடையாதாம். எடுத்தவருக்கு போன் பண்ணினேன். சரியா வரலைன்னு அழிச்சுட்டாராம்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள் அவள்.

"லீவுக்கு வந்தவங்களை எதுக்குச் சங்கடப்படுத்தணும்? நீங்க குடுத்தனுப்பினதாத்தான் சொல்லிக் குடுக்கறேன்."

ஏழு கவர்களையும் பைக்குள் போட்டுக்கொண்டு கேப்டன் எழுந்தார். அந்த வீடுகளுக்கு, காலையில் வந்த வழியே ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். ஒற்றையடிப் பாதை, வேன் போகாது.

டாக்டர் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல?"

அவள் தன் அறை வாசலுக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டாள்.